கிளட்ச் பெடலில் அந்த ஒரு விரற்கடை

நம் சங்க அன்பர்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் போக்குவரத்து நெரிசலில்தான் வந்து நிற்கிறது. டாம்டாம் என்னும் நெதர்லாந்து நிறுவனம் 2022-ஆம் ஆண்டுக்கு எடுத்த கணக்குப்படி, பெங்களூரின் நடுப்பகுதியில் 10 கிலோமீட்டர் தூரத்தைக் காரில் கடக்கச் சராசரியாக 29 நிமிடம் 10 விநாடி ஆயிற்று. மெதுவாக நகரும் நகரங்களில் லண்டனுக்கு அடுத்த இடம் நமக்கு! இந்தப் பெருமையில் பாதி நம் இடது காலுக்குச் சேர வேண்டும். சில்க் போர்டிலோ ஹெப்பாளிலோ ஒரு மாலை நேரம் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, 'கிளட்ச் கொஞ்சம் ஸ்மூத்தாக இருந்தால் தேவலை' என்று கேட்பதில் தவறே இல்லை. அதற்கு நம்மவர்கள் தேடும் வழிதான் எனக்கு உடன்பாடில்லை. ஒருவர் ஜே.சி. ரோட்டுக்குப் போய், பளபளவென்று அலுமினியப் பெடல் செட் வாங்கி மாட்டிக்கொள்கிறார். இன்னொருவர் மெக்கானிக்கிடம், 'பெடல் லூசாக ஆடுகிறது, டைட் பண்ணிக் கொடுங்கள்' என்கிறார். மூன்றாமவர் நேரே புது கிளட்ச் செட்டுக்கே பணத்தைக் கட்டிவிடுகிறார். மூவரில் ஒருவரும் ஓர் அடிக்கோலை எடுத்து அளந்து பார்ப்பதில்லை. லூஸ் என்று நாம் குறைப்பட்டுக்கொள்ளும் அந்த ஒரு விரற்கடை இடைவெளி பழுது அல்ல. வேண்டுமென்றே விடப்பட்டது.

ரயில்வேயில் வேகன்களின் அடியில் படுத்து எழுந்தே என் உத்தியோக காலம் போயிற்று. அங்கே பாக்ஸ்என் என்ற சரக்கு வேகனில் ஸ்லாக் அட்ஜஸ்டர் என்று ஒரு நீண்ட உருளை இருக்கும். பிரேக் கட்டை தேயத் தேய, கட்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவே இடைவெளி கூடும். கூடியதைத் தானாக இழுத்துச் சரிசெய்வதுதான் இந்த அட்ஜஸ்டரின் வேலை. அதில் 'ஏ' அளவு என்று ஒன்று உண்டு. 70 மில்லிமீட்டர். 2 மி.மீ. கூடுதலாக இருக்கலாம், ஆனால் 70-க்குக் கீழே ஒரு மி.மீ.கூடக் குறையக்கூடாது. குறைந்தால் டிரைவர் பிரேக்கை விட்ட பிறகும் கட்டை சக்கரத்தை உரசிக்கொண்டே போகும், சக்கரம் கொதிக்கும். இடைவெளியும் ஓர் உறுப்புதான் என்பதை அங்கே புதிதாகச் சேர்ந்த கலாசிகூட அறிவார்.

காரின் கிளட்ச்சிலும் இதே இடைவெளி உண்டு. ஆனால் கணக்கு தலைகீழ். இங்கேதான் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். மாருதி 800 போன்ற கேபிள் வண்டியை எடுத்துக்கொள்வோம். பெடலை மிதித்தால் கேபிள் ஒரு கையை இழுக்கிறது. அந்தக் கை ரிலீஸ் பேரிங்கைத் தள்ளுகிறது. பேரிங் போய் வட்டமான ஸ்பிரிங்கின் விரல்களை அமுக்க, பிரஷர் பிளேட் விலகி, நடுவில் நசுங்கிக் கிடந்த கிளட்ச் பிளேட் விடுபடுகிறது. காலை எடுத்ததும் பேரிங் விரல்களை விட்டுச் சற்றே விலகி நிற்க வேண்டும். அந்த விலகல்தான் பெடலில் ஒரு விரற்கடை ஆட்டமாகத் தெரிகிறது.

இப்போது பிளேட் தேய்கிறது என்று வையுங்கள். பிரஷர் பிளேட் இன்ஜின் பக்கமாக நகரும். அதன் விளைவாக ஸ்பிரிங்கின் விரல்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்து பேரிங்கை நெருங்கி வரும். அதாவது, பிரேக்கில் தேய்மானம் இடைவெளியைக் கூட்டுகிறது, கிளட்ச்சில் குறைக்கிறது. கேபிள் நீண்டுபோனால் மட்டுமே இங்கே ஆட்டம் கூடும். எனவே பழகிய வண்டியில் பெரும்பாலும் நட்டைத் தளர்த்த வேண்டுமே தவிர, முறுக்கக் கூடாது. 'வண்டி பழசாயிற்று, எல்லாம் லூசாயிருக்கும், டைட் பண்ணு' என்கிற நம் பொது அறிவு இங்கே காலை வாரிவிடுகிறது. இருந்த ஆட்டத்தையும் எடுத்துவிட்டால் பேரிங் ஓயாமல் ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு சுற்றும், பிளேட் முழுப் பிடிப்பில்லாமல் வழுக்கும். சில நாட்களுக்கு மிதித்தவுடன் வேலை செய்வதால் பெடல் சுகமாகத்தான் இருக்கும்! அதன் பிறகு ஒரு நாள் ஏற்றத்தில் இன்ஜின் அலறும், வண்டி நகராது, கருகிய நாற்றம் வரும். பெடல்மேல் காலை வைத்தபடியே ஓட்டுகிறவர்களும் இதே கேட்டைத் தம் காலாலேயே செய்துகொள்கிறார்கள்.

இன்னோவா போன்ற ஹைட்ராலிக் வண்டிகளில் தேய்மானத்தை எண்ணெயே ஈடுகட்டிவிடுகிறது. அங்கே பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவே ஒரு தள்ளுகம்பி இருக்கிறது. அதற்குச் சில மில்லிமீட்டர் ஆட்டம் வேண்டும். 'பெடல் சீக்கிரம் பிடிக்கட்டும்' என்று அந்தக் கம்பியை நீட்டிவிட்டால், பிஸ்டன் முழுதாகத் திரும்பி வராமல், எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளையை அடைத்துக்கொள்ளும். சூட்டில் விரியும் எண்ணெய்க்குப் போக வழியில்லை. யாரும் மிதிக்காமலே கிளட்ச் பாதி மிதிபட்ட நிலையில் நிற்கும். காலையில் நன்றாக ஓடிய வண்டி மாலை நெரிசலில் வழுக்குகிறதே என்று திகைப்பவர்கள் இந்தக் கம்பியையும் ஒரு முறை பார்க்கச் சொல்லலாம்.

சரி, பெடல் உண்மையிலேயே கனக்கிறது என்றால்? பெரும்பாலும் கேபிளின் இழைகள் அறுந்தோ துருப்பிடித்தோ இருக்கும். அல்லது பெடல் ஆடும் அச்சில் புஷ் காய்ந்திருக்கும். அதற்குக் கொஞ்சம் கிரீஸ் போதும். (உள்ளே பிளாஸ்டிக் உறை உள்ள கேபிளில் எண்ணெய் ஊற்றாதீர்கள், தூசி சேர்ந்து இன்னும் இறுகும்.) பிளேட் நன்றாகத் தேய்ந்துவிட்டாலும் ஸ்பிரிங்கின் நிலை மாறிப் பெடல் கனக்கும். அப்போது செட்டை மாற்றுவதே முறை. வண்டி கிளம்பும்போது உதறினால் அது பெடலின் குற்றமே அல்ல, பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம், இன்ஜினைத் தாங்கும் ரப்பர் தளர்ந்திருக்கலாம். இவற்றுக்கெல்லாம் முன்னால் காசில்லாத வைத்தியம் ஒன்று: சீட்டை ஒரு பல் முன்னால் நகர்த்திப் பாருங்கள். பெடலை முழுக்க மிதித்த பிறகும் முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். என் வயதுக்காரர்கள் பலருக்கு இதிலேயே பாதி வலி போய்விடும்.

இனி அந்த அலுமினியப் பெடல். பழைய ரப்பரின்மேல் திருகி மாட்டும் வகையானால் பெடல் அந்தக் கனத்துக்கு உயர்ந்துவிடும். மூன்று பெடல்களும் ஒரே அளவில் உயராவிட்டால் கால் மாறும் பழக்கமே குழம்பும். மழையில் நனைந்த செருப்போடு அந்த உலோகத்தின்மேல் கால் வைத்துப் பார்த்தால் மீதி புரியும். கீழே விரிக்கும் தடித்த மெத்தை விரிப்பு இதற்குத் தம்பி. அது கிளட்ச் பெடலுக்கு அடியில் புகுந்தால் பெடல் அடிவரை போகாது, பிளேட் முழுதாக விடாது, கியர் கரகரக்கும். நாமோ கியர் பாக்ஸ் போய்விட்டது என்று அலறுவோம். 2009 ஆகஸ்டில் அமெரிக்காவில் கலிபோர்னியாவில், வேறு மாடலுக்கான விரிப்பைப் போட்டிருந்த லெக்சஸ் கார் ஒன்றில் ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொண்டு நால்வர் இறந்தார்கள். அதற்கு அடுத்த மாதமே டொயோட்டா நிறுவனம் விரிப்புக் காரணமாக சுமார் 38 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. காலடியில் நாமாகச் சேர்ப்பது எதுவானாலும் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

நிற்க. மெக்கானிக்குகளைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. இந்த ஊரில் அந்தத் தொழிலில் இருப்பவர்களில் நம் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர். பத்து நிமிடம் படுத்துப் பார்த்து, 'கேபிள் நட்டைத் தளர்த்தினேன், ஒன்றும் மாற்ற வேண்டாம்' என்று ஒரு பையன் சொன்னால், அவனுக்கு இருநூறு ரூபாய் கொடுக்க நமக்கு மனம் வருவதில்லை. 'என்னத்தைச் செய்தான்?' என்கிறோம். அதே பையன் ஆயிரக்கணக்கில் ஒரு செட்டை மாற்றினால் பேரம் பேசியாவது கொடுத்துவிடுகிறோம். பிறகு அவன் எதைக் கற்றுக்கொள்வான்? பார்த்துச் சொல்வதற்குத் தனியாகக் கூலி கொடுக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் வர வேண்டும். டாக்சி ஓட்டிப் பிழைக்கும் நம்மவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வண்டி ஒரு நாள் ஷெட்டில் கிடந்தால் அன்றைய வருமானமும் சேர்ந்து போகிறது.

'அங்கிள், ஆட்டோமேட்டிக் வாங்கிவிட்டால் தொல்லையே இல்லையே' என்று இளைஞர்கள் சொல்வார்கள். மாருதி 800-இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. அடுத்த மாதமே கிளட்ச் பெடல் இல்லாத ஏஎம்டி கியரோடு செலெரியோ வந்தது. ஆனால் ஏஎம்டி வண்டியில் பெடல்தான் இல்லை, உள்ளே பிளேட் அதேதான். காலுக்குப் பதில் இயந்திரம் மிதிக்கிறது. மேம்பாலச் சரிவில் பிரேக்கைப் பிடிக்காமல் ஆக்சிலரேட்டரிலேயே வண்டியை நிறுத்தி வைத்தால் அதுவும் கருகும்.

பொங்கலுக்கு அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டி ஊருக்குப் போகிறவர்கள், புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே பார்த்துவிடுங்கள். இன்ஜினை அணைத்து, அடிக்கோலைப் பெடல் அருகே நிறுத்தி, காலால் அல்லாமல் கைவிரலால் பெடலை அமுக்குங்கள். எதிர்ப்பு இறுகும் இடம்வரை எத்தனை மில்லிமீட்டர் என்று குறித்துக்கொண்டு, வண்டியின் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். மேட்டில்லாத காலிச் சாலையில் மேல் கியரில் போகும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வேகம் கூடாமல் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறுகிறதா என்றும் கவனியுங்கள். ஏறினால் பிளேட் வழுக்குகிறது. அளந்த எண்ணைத் தேதி போட்டு அந்தக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த முறை மெக்கானிக்கிடம் போகும்போது, 'டைட் பண்ணுங்கள்' என்று சொல்வதற்குப் பதிலாக அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.