நல்லதங்காளும் நம் கண்ணீரும்

நல்லதங்காள் கதையைப் பாடுகிறவர் கிணற்றங்கரைக் கட்டத்துக்கு வந்ததும் பாட்டை நிறுத்திவிட்டுப் பேசத் தொடங்குவார். தாளம் அடங்கிவிடும். ஆர்மோனியம் ஒற்றைச் சுருதியில் நின்றுகொண்டிருக்கும். அதுவரை இராகத்தில் வந்த கதை வெறும் பேச்சாக, விம்மலும் இடைவெளியுமாக வரும். இராமநாதபுரம், முதுகுளத்தூர், திருவாடானை வட்டாரத்து மாசிக் களரிகளிலும் முளைக்கொட்டுத் திருவிழாக்களிலும் விடிய விடிய அமர்ந்து கதையும் நாடகமும் கேட்டவர்களுக்கு இந்த இடம் பழக்கமானதுதான். அந்த இடத்தில் கேட்பவர்கள் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றியும், மறுநாள் அவர்கள் பேசும் பேச்சைப் பற்றியும் எனக்குக் கடுமையான கருத்து வேறுபாடுகள் உண்டு. அவற்றையே இங்கு எழுதுகிறேன்.

எதிர்வினைகள் மூவகை. முதல்வகையினர் படித்தவர்கள். 'பாடத் தெரியாதவர்கள்தாம் பேசி அழவைப்பார்கள். இது கலையன்று, அழுகாச்சி' என்பது இவர்கள் கட்சி. இரண்டாம் வகையினர் பாடகரின் தீவிர இரசிகர்கள். 'பாட்டுக்காரம்மா உண்மையாகவே அழுதுவிட்டார், கவனித்தீர்களா?' என்று இவர்கள் வியப்பார்கள். அந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே ரூபாய் நோட்டோடு மேடைக்குப் போய், அன்பளிப்பு அளித்தவரின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லவைப்பவர்களும் இவர்களே. மூன்றாம் வகையினர் பெரும்பான்மையோர். நல்லதங்காளின் கற்பை எண்ணிக் கண்ணீர் விட்டு, அண்ணி மூளி அலங்காரியைத் திட்டித் தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள். முதல்வகையினரின் பேச்சு அறியாமை. இரண்டாம் வகையினரின் செயல் அநாகரிகம். மூன்றாம் வகையினரின் கண்ணீர்தான் என்னைக் கவலைப்படுத்துகிறது.

முதல்வகையினருக்கு விடை சொல்வது எளிது. பாட்டுக்கிடையே உரை வருவது தமிழில் நேற்று நுழைந்த மலினம் அன்று. தொல்காப்பியச் செய்யுளியல் வகுக்கும் எண்வகை வனப்புகளுள் 'தொன்மை' என்று ஒன்று உண்டு. உரையோடு கலந்து வரும் பழங்கதையையே அப்பெயரால் தொல்காப்பியர் குறிக்கிறார். சிலப்பதிகாரத்தைப் பாட்டும் உரையும் விரவிய காப்பியம் என்று வகுப்பறையில் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதே விரவலைக் களரி மேடையில் கண்டால் முகம் சுளிக்கிறோம். வில்லுப்பாட்டு பாட்டும் வசனமும் மாறிமாறி வரும் கலை. சுப்பு ஆறுமுகம் (1928–2022) வில்லைத் தட்டிப் பாடியது எவ்வளவு முக்கியமோ, இடையில் பேசியதும் அவ்வளவு முக்கியம். தோற்பாவைக்கூத்தில் நல்லதங்காள் விரும்பிக் கேட்கப்பட்ட கதை. அங்கே திரைக்குப் பின்னிருந்து ஒருவரே பாடவும் வேண்டும், பாத்திரத்துக்கேற்பக் குரலை மாற்றிப் பேசவும் வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இக்கதையை நாடகமாக்கினார். அவருடைய வழிவந்த இசை நாடக நடிகர்கள் எங்கே பாட வேண்டும், எங்கே பேச வேண்டும் என்பதைத் தொழிலாகவே கற்றவர்கள். பாடகர் பேசுவது பாட்டு வராததால் அன்று. அந்த இடத்தில் பாட்டு உதவாது என்பதை அவர் அறிந்திருப்பதால்.

இரண்டாம் வகையினருக்கு வருவோம். பாடகர் 'உண்மையாகவே' அழுதாரா என்பது எதற்குத் தேவைப்படும் சான்று? திருவிழாக் காலத்தில் இரவுக்கு ஓர் ஊராகப் பாடும் ஒருவர், ஒவ்வோர் இரவும் அதே கிணற்றங்கரையில் நின்றாக வேண்டும். சொந்தத் துயரத்தை மட்டும் நம்பி அவர் தொழில் நடத்தினால் மூன்றாம் நாள் குரல் போய்விடும். மூச்சை எங்கே உடைப்பது, எந்தச் சொல்லை விழுங்குவது, எத்தனை நொடி மௌனம் காப்பது என்பதெல்லாம் ஆண்டுக்கணக்கில் பயின்ற நுட்பங்கள். அவற்றைக் கண்டு மதிக்கத் தெரியாமல், அவர் கண்ணில் நீர் வந்ததா என்று எட்டிப் பார்ப்பது கலைஞரைப் பாராட்டுவது ஆகாது; அவருடைய கலையை இல்லையென்று சொல்வது ஆகும். அன்பளிப்பைக் கதை முடிந்தபின் கொடுத்தால் யார் வேண்டாம் என்கிறார்கள்? ஒரு பிள்ளை உயிருக்குக் கெஞ்சும் பேச்சின் நடுவே, இன்ன ஊர் இன்னார் நூற்றொரு ரூபாய் என்று அறிவிப்பது எந்த ஊர் இரசனை?

இனி, முதன்மையான பிணக்குக்கு வருகிறேன். அதற்குக் கதையைச் சற்று நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

அர்ச்சுனாபுரத்து நல்லதம்பியின் தங்கை நல்லதங்காள். மானாமதுரையில் காசிராசனுக்கு வாழ்க்கைப்பட்டு ஏழு பிள்ளைகளைப் பெற்றவள். மானாமதுரையில் பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் வேட்டையில் இருக்கிறான். அண்ணி மூளி அலங்காரி கெட்டுப்போன கேழ்வரகையும், ஓட்டைச் சட்டியையும், எரியாத பச்சை வாழைமட்டையையும் கொடுத்து அவமதிக்கிறாள். மானம் பொறாத நல்லதங்காள் பிள்ளைகளைப் பாழுங்கிணற்றில் ஒவ்வொருவராகத் தள்ளித் தானும் விழுந்து மாய்கிறாள். புகழேந்திப் புலவர் பெயரை ஏற்றிப் பெரிய எழுத்துப் பதிப்புகளாக ஊர் ஊராக விற்ற கதை இது. 1935லும் 1955லும் திரைப்படமாகவும் வந்தது. வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயில் உண்டு. மானாமதுரை, வத்திராயிருப்பு இரண்டும் 1985வரை பழைய இராமநாதபுரம் மாவட்டத்துக்குள் இருந்த ஊர்கள். ஆகவே இது எங்கிருந்தோ வந்த கதை அன்று. இந்த மண்ணின் கதை.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்படுதல் இளிவு. உயிரும் உரிமையும் இழத்தல் இழவு. முன்னைய நிலை கெட்டுத் தாழ்தல் அசைவு. நான்காவதற்கு விளக்கம் வேண்டா. நல்லதங்காள் கதையில் இந்நான்கும் ஒருங்கே வருகின்றன. அரசன் தங்கை பிச்சைக்காரியைப்போல நடந்து வருவது அசைவு; அடுப்பில் எரியாத வாழைமட்டை இளிவு; மானாமதுரை வறுமை; கிணறு இழவு. கேட்பவர் அழாமல் இருப்பதுதான் வியப்பு.

ஆனால் எதற்காக அழுகிறோம்? மறுநாள் தேநீர்க் கடையிலும் பேருந்திலும் காதில் விழுவது இதுதான்: 'என்ன மானமுள்ள பொம்பளை! அந்த மூளி நல்லா இருப்பாளா?' பஞ்சத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஓடிய பிள்ளையைப் பற்றியும் ஒரு சொல் இல்லை.

பஞ்சத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அதிகாரிகளைத் தண்டனையாக மாற்றி அனுப்பும் 'தண்ணியில்லாக் காடு' என்று பெயரெடுத்த சீமை இது. தாது வருஷப் பஞ்சம் (1876–78) இங்கே என்ன செய்தது என்பதைச் சிவகங்கை வில்லியப்பப் பிள்ளை பஞ்சலட்சணத் திருமுக விலாசம் என்ற நூலில் எள்ளலாகப் பாடி வைத்தார். 1899இல் அது அச்சேறியது. பிழைக்க வழியின்றித் தொண்டியிலும் பாம்பனிலும் தோணியேறி இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கும், பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் போனவர்கள் இந்தச் சீமையில் ஏராளம். 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலேறினார்கள். மண்டபம் முகாமில் அவர்களைத் தடுத்து வைத்து, நோய் சோதித்து அனுப்பினார்கள். பிள்ளைகளோடு பசித்து நடந்த தாய்மார்கள் அத்தனை பேருக்கும் மூளி அலங்காரி என்றொரு அண்ணி இருந்தாளா? மழை பொய்த்ததும் கண்மாய் வறண்டதும் களஞ்சியத்துச் சாவி ஒரு கையில் மட்டும் இருந்ததும் மறைந்துபோய், எல்லாப் பழியும் ஒரு பெண்ணின் கொடுஞ்சொல்மேல் ஏறிவிடுகிறது. அவளைத் திட்டிவிட்டால் நம் கடமை முடிந்துவிடுகிறது. பஞ்சத்தை அண்ணி–நாத்தனார் சண்டையாகச் சுருக்கிக்கொள்ளும் இந்த வசதியைக் கண்ணீர் நமக்குச் செய்துகொடுக்கிறது.

அடுத்தது பிள்ளை. ஏழு பிள்ளைகளில் மூத்தவன் ஓடுகிறான். தாயின் கைக்கு எட்டாமல் ஓடுகிறான். தன்னையாவது விட்டுவிடும்படி கெஞ்சுகிறான். ஆடு மேய்ப்பவர்கள் அவனைக் காக்க முயல்வதாகவும் சில வடிவங்கள் உண்டு. அவனையும் பிடித்து இழுத்துவந்து தள்ளுகிறாள். நான் கேட்ட நல்ல பாடகர்கள் எல்லோரும் பாட்டை நிறுத்திப் பேசியது சரியாக இந்த இடத்தில்தான். தாயின் புலம்பலை அவர்கள் இராகத்தில் பாடினார்கள். பிள்ளையின் கெஞ்சலை இராகமில்லாமல் பேசினார்கள். இந்த வேறுபாடு தற்செயலாக அமைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இராகம் தாயின் செயலுக்கு ஒரு பெருமையைத் தருகிறது. அவளுடைய மானம், கற்பு, துணிவு எல்லாம் அதில் ஏறி உயர்கின்றன. பேச்சில் அந்தப் பெருமை இல்லை. சாக விரும்பாத ஒரு சிறுவன் மட்டும் இருக்கிறான். தாயின் முடிவைக் கதைக்குள்ளிருந்தே மறுத்துப் பேசும் ஒரே குரல் அவனுடையது. அதைக் கேட்கச் செய்வதற்காகவே பாடகர் தாளத்தை நிறுத்துகிறார். நாமோ அந்த இடத்தில் தாயை எண்ணி அழுகிறோம்.

மெய்ப்பாட்டியலுக்கு உரை எழுதிய பேராசிரியர் அழுகையை இருவகைப்படுத்துகிறார். தானே அவலித்தல் ஒன்று; பிறர் அவலங் கண்டு அவலித்தல் மற்றொன்று. பின்னதைக் கருணை என வேறாகக் கொள்ளும் வழக்கையும் அவர் சுட்டுகிறார். களரிப் பந்தலில் நாம் சிந்துவது பெரும்பாலும் முதல்வகை. நம் அண்ணிமார், நம் பிறந்தகம், நமக்கு மறுக்கப்பட்ட சீர் ஆகியவற்றை நினைத்து அழுகிறோம். அது இழிவன்று; பெண்கள் அழுவதற்கு வேறு இடம் தராத ஊர்களில் அதுவும் ஒரு நிவாரணமே. ஆனால் அந்தப் பிள்ளைக்காக அழ, நம்மை மறந்தாக வேண்டும். அதுதான் கருணை. பாடகரின் பேச்சு கேட்பது அதைத்தான்.

'பழங்கதைதானே, இதில் என்ன வந்துவிட்டது?' என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்த தாய் என்ற செய்தி பழங்கதையாகிவிடவில்லை. அப்படியொரு செய்தி வந்தவுடன் ஊர்வாய் 'நல்லதங்காள் மாதிரி' என்கிறது. அந்தப் பெயர் வந்ததும் சாவுக்கு ஒரு காவியச் சாயல் கிடைத்துவிடுகிறது. அவளை அந்த விளிம்புக்குத் தள்ளிய கடன், அடி, பசி, தனிமை எதையும் யாரும் துருவிக் கேட்பதில்லை. பிள்ளைகளுக்குச் சம்மதமா என்ற கேள்வி எழுவதே இல்லை. தாய் சாகும்போது பிள்ளைகளையும் அழைத்துப்போவது பாசத்தின் உச்சம் என்ற எண்ணம் நம்மிடம் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்பதைக் காண, கிணற்றங்கரைக் கட்டத்தில் கூட்டத்தின் முகங்களைப் பார்த்தால் போதும்.

இதற்காகக் கதையை மாற்ற வேண்டும் என்றோ, பாடக்கூடாது என்றோ நான் சொல்லவில்லை. சீர்திருத்தம் பேசி நாட்டார் கதைகளைத் திருத்தி எழுதுவோர்மேல் எனக்கு மதிப்பில்லை. சிவனும் பார்வதியும் வந்து எல்லோரையும் எழுப்பும் முடிவு பெரிய எழுத்துக் கதையிலேயே உண்டு. பிள்ளைகள் செத்ததைப் பொறுக்காத யாரோ ஒரு பழைய மனம் அதைச் சேர்த்திருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். கதைக்குள் அந்த மனமும் இருக்கிறது, ஓடிய பிள்ளையின் குரலும் இருக்கிறது. கதை தன்னளவில் நியாயமாகவே இருக்கிறது. குறை கேட்கும் நம்மிடம்.

நேரம் போய்விட்டது என்று அந்தப் பேச்சைச் சுருக்கிப் பாட்டோடு முடித்துக்கொள்ளும்படி பாடகரிடம் விழாக்குழுவினர் சொல்வதும் நடக்கிறது. அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேறு எதை வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பையன் பேசி முடிக்கும் வரை பொறுத்திருங்கள். அன்பளிப்பு அறிவிப்புகளை விடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். கேட்பவர்களும், அழுவதானால் அழட்டும். அவன் என்ன சொல்லிக் கெஞ்சினான் என்பதை மறுநாள் ஒருவராவது எடுத்துப் பேசட்டும். மூளி அலங்காரியைத் திட்ட எப்போதும் ஆள் இருக்கிறார்கள்.