முதுகில் வீடு சுமக்கும் பிக்கப் வண்டி

1960 செப்டம்பரில் அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் தன் நாட்டைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். அப்போது அவருக்கு வயது 58. துணைக்கு சார்லி என்ற நாய். வண்டி, ஜி.எம்.சி. கம்பெனியின் முக்கால் டன் பிக்கப். அதன் முதுகில் ஒரு குட்டி அறை. அதற்குள் படுக்கை, கேஸ் அடுப்பு, ஃப்ரிட்ஜ், விளக்கு எல்லாம் இருந்தன. டான் கிஹோத்தேயின் குதிரைக்கு இருந்த ரோசினான்டே என்ற பெயரையே வண்டிக்கும் வைத்தார். அந்தப் பயணம் 1962இல் 'டிராவல்ஸ் வித் சார்லி' என்ற புத்தகமாக வந்தது. அதே வருடம் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. வண்டி இப்போது கலிபோர்னியாவில் சலினாஸ் நகரத்தில், அவர் பெயரில் உள்ள அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு வண்டி வாங்கத் துடித்தவர்கள் ஏராளம். ஆனால் அதில் வரும் ஒரு சின்ன விஷயம் சுலபமாக மறந்துவிடுகிறது. தேவைக்கு மேல் சாமான் ஏற்றிவிட்டதாக ஸ்டைன்பெக்கே ஒப்புக்கொள்கிறார். ஓரிகான் மாநிலத்தில், மழை கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பாரத்தில் பின் டயர் வெடித்தது. அறுபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் கேம்பர் வாங்குபவர்கள் செய்யும் முதல் தவறு அதேதான். வீட்டைப் பார்க்கிறார்கள், எடையைப் பார்ப்பதில்லை.

கேம்பர் என்றால் என்ன?

பிக்கப் என்பது முன்னால் ஆட்கள் உட்காரும் கேபினும், பின்னால் திறந்த தொட்டியும் உள்ள வண்டி. தமிழ்நாட்டுத் தெருக்களில் ஓடும் 'குட்டியானை'க்குப் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தத் தொட்டிக்குள் அப்படியே நுழைந்து உட்காரும் பெட்டி வீடுதான் 'ஸ்லைடு-இன் கேம்பர்'. படுக்கை டிரைவரின் தலைக்கு மேலே, கேபின் கூரையின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும். நான்கு மூலையிலும் ஜாக் உண்டு. ஊருக்குத் திரும்பியதும் ஜாக்கை இறக்கிக் கேம்பரைத் தரையில் நிறுத்திவிட்டு, வண்டியை அடியிலிருந்து வெளியே ஓட்டி வந்துவிடலாம். திங்கட்கிழமை காலையில் அதே வண்டி மரமோ சிமெண்டோ ஏற்றப் போகும்.

இதில் உள்ள வசதிகளைக் குறைத்துச் சொல்ல முடியாது. மோட்டார் ஹோம் என்றால் அதற்கென்று தனி எஞ்சின், தனி பராமரிப்பு. கேம்பருக்கு எஞ்சினே கிடையாது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் அதை வாகனமாகவே கணக்கில் எடுப்பதில்லை, ஏற்றிய சரக்காகத்தான் பார்க்கிறார்கள். சில மாநிலங்களில் மட்டும் பதிவு தேவை. பின்னால் படகையும் இழுத்துச் செல்லலாம். நீளமான டிரெய்லரை இழுத்துக்கொண்டு போக முடியாத காட்டுப் பாதைகளிலும் கேம்பர் நுழையும். காசு கொடுக்காமல் பொது நிலங்களில் தங்க நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல வண்டி அபூர்வம்.

அப்படியானால் சிக்கல் எங்கே?

கதவோரத்து ஸ்டிக்கர்

அமெரிக்காவில் விற்கும் பெரும்பாலான பிக்கப்களில் டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இவ்வளவு எடைக்கு மேல் போகக் கூடாது என்று அதில் போட்டிருக்கும். அந்த எண்தான் 'பேலோடு'. இதில் கவனிக்க வேண்டியது, அந்த எண் அந்த ஒரு வண்டிக்கு மட்டும் உரியது. அதே மாடல், அதே வருடம் என்றாலும் பக்கத்தில் நிற்கும் வண்டிக்கு எண் வேறாக இருக்கலாம். டீசல் எஞ்சின், நான்கு கதவு, நான்கு சக்கர இழுவை, கூரைக் கண்ணாடி என்று ஒவ்வொன்றும் வண்டியின் சொந்த எடையைக் கூட்டும். வண்டிக்கு அனுமதித்த மொத்த எடை மாறாதபோது, அந்த அளவுக்குச் சுமக்கும் திறன் குறையும். அதாவது, அதிகக் காசு கொடுத்து அலங்காரமான வண்டி வாங்கியவருக்குக் குறைந்த பேலோடு!

கேம்பர் விளம்பரத்தில் இருப்பதோ 'டிரை வெயிட்'. தண்ணீர் இல்லை, சாமான் இல்லை, ஆள் இல்லை; தொழிற்சாலையை விட்டு வந்த வெறும் பெட்டியின் எடை. அப்படி வெறும் பெட்டியாக யாரும் பயணம் போவதில்லை.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஒரு முக்கால் டன் வண்டியின் ஸ்டிக்கரில் 1,180 கிலோ என்று இருக்கிறது. விற்பனையாளர் காட்டும் கேம்பரின் டிரை வெயிட் 1,040 கிலோ. "இன்னும் 140 கிலோ மிச்சம் இருக்கிறதே!" என்று கையெழுத்துப் போட்டாயிற்று. இனி செலவுப் பக்கம்:

தண்ணீர் 30 கேலன் – 114 கிலோ
கேஸ் சிலிண்டர் இரண்டு – 34 கிலோ
பேட்டரி இரண்டு – 55 கிலோ
ஏசி, வெயில் மறைப்பு – 65 கிலோ
கேம்பரைக் கட்டும் கொக்கிகள், திருகு கம்பிகள் – 35 கிலோ
கணவன், மனைவி – 145 கிலோ
சாப்பாடு, பாத்திரம், துணி, நாற்காலி, கருவிகள் – 150 கிலோ

கேம்பரோடு சேர்த்துக் கூட்டினால் 1,638 கிலோ. வரம்பைவிட 458 கிலோ அதிகம். ஆறு பெரியவர்களைக் கூரை மேல் உட்கார வைத்து ஓட்டுவதற்குச் சமம். இத்தனைக்கும் இதில் ஆடம்பரமாக எதுவுமே இல்லை. பட்ஜெட் போடத் தெரிந்த எந்த மாணவனும், வரவு 1,180, செலவு 1,638 என்றால் இந்தத் தொழில் நடக்காது என்று சொல்லிவிடுவான்.

எடை எவ்வளவு என்பது போலவே எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். கேம்பரின் ஈர்ப்பு மையம் பின் ஆக்சிலுக்கு முன்னால் விழ வேண்டும். பின்னால் விழுந்தால் முன் சக்கரங்களில் அழுத்தம் குறையும், ஸ்டீயரிங் லேசாகும், பிரேக் பிடிக்கும்போது வண்டி சொன்னபடி கேட்காது. எட்டடித் தொட்டிக்காகச் செய்த கேம்பரை ஆறரை அடித் தொட்டியில் ஏற்றுபவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள்.

சட்டம் ஏற்கெனவே சொல்கிறது

இதெல்லாம் ரகசியம் இல்லை. அமெரிக்க ஃபெடரல் விதித்தொகுப்பின் 49ஆம் தலைப்பில் 575.103 என்று ஒரு பிரிவு, இந்தக் கேம்பர்களுக்காகவே இருக்கிறது. ஒவ்வொரு கேம்பரிலும் ஒரு லேபிள் ஒட்ட வேண்டும். வழக்கமான சாதனங்கள், தண்ணீர், கேஸ், ஃப்ரிட்ஜ் ஆகியவற்றோடு அதிகபட்ச எடை எவ்வளவு என்று அதில் போட வேண்டும். கூடுதலாகப் பொருத்தும் சாதனங்களின் எடைக்கு உரிமையாளர் கையேட்டைப் பார்க்கச் சொல்ல வேண்டும். வண்டி தயாரிப்பவரும், எவ்வளவு எடை ஏற்றலாம், அதன் ஈர்ப்பு மையம் தொட்டியில் எந்த இடத்துக்குள் விழ வேண்டும் என்ற தகவலைத் தர வேண்டும்.

ஆக, உண்மையான எண் கேம்பரின் மேலேயே ஒட்டியிருக்கிறது. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வருவதுதான் வேறு எண். இது பொய் இல்லை, பாதி உண்மை. வியாபாரத்தில் பாதி உண்மை பொய்யைவிட ஆபத்தானது. பொய்யைப் பிடித்துவிடலாம், பாதி உண்மையைப் பிடிக்க முடியாது. லேபிளில் உள்ள எடையையே விளம்பரத்திலும் போட வேண்டும் என்று வாங்குபவர்கள் கேட்பதில் தப்பே இல்லை. அது நடக்கும்வரை, முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் லேபிளைப் படிப்பது அவரவர் பொறுப்பு.

"எல்லாரும் இப்படித்தானே ஓட்டுகிறார்கள்?"

அதிக எடையோடு பல வருடங்களாக ஓட்டுபவர்கள் சொல்லும் பதில்கள் மூன்று. முதலாவது, "ஏர்பேக் வைத்துவிட்டேன்." பின் சஸ்பென்ஷனில் காற்றுப்பை வைத்தால் வண்டி நிமிர்ந்து நிற்கும், அவ்வளவுதான். டயர், ஆக்சில், பிரேக் எல்லாம் பழையபடியேதான் இருக்கின்றன. ஸ்டிக்கரில் உள்ள எண்ணும் மாறாது. இரண்டாவது, "யாரும் நிறுத்தி எடை போடுவதில்லை." வழக்கமாகச் சொந்த உபயோக வண்டிகளை நிறுத்துவதில்லை, உண்மைதான். ஆனால் மலையிறக்கத்தில் சூடேறும் பிரேக்குக்குச் சொந்த உபயோகம், வாடகை உபயோகம் என்ற பேதம் தெரியாது. மூன்றாவது, "கம்பெனிக்காரன் கொஞ்சம் குறைத்துத்தான் போட்டிருப்பான்." இருக்கலாம். ஆனால் அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பது வாங்கியவருக்குத் தெரியாது. தெரியாத எண்ணை நம்பி மனைவியையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போவது தைரியம் ஆகாது.

காசுக் கணக்கு

இந்தக் கேம்பர்களை வாங்குபவர்களில் ஓய்வு பெற்றவர்கள் கணிசம். சேமிப்பின் பெரிய பகுதி ஒரே பொருளில் போகிறது. முதலில் வண்டி இருக்கிறது, அதற்கேற்ற கேம்பர் போதும் என்று தொடங்குகிறார்கள். பிறகு எடை தெரிய வருகிறது. ஸ்பிரிங், காற்றுப்பை, புது டயர் என்று செலவு செய்து பார்க்கிறார்கள். கடைசியில் வண்டியையே நஷ்டத்துக்கு விற்றுவிட்டு, பின் ஆக்சிலில் நான்கு டயர் உள்ள ஒரு டன் வண்டி வாங்குகிறார்கள். இரண்டு முறை வண்டி வாங்கிய செலவு கேம்பரின் விலையில் எங்கேயும் தெரியாது. கேம்பரின் உண்மையான விலை அதைச் சுமக்கும் வண்டியோடு சேர்ந்ததுதான்.

ஒரு இரவுக்கு எவ்வளவு ஆகிறது என்பதும் முக்கியம். 30,000 டாலருக்கு வாங்கிய கேம்பர் பத்து வருடம் கழித்து 12,000 டாலருக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்குத் தேய்மானம் 1,800 டாலர். வருடத்தில் பத்து இரவு தங்கினால் இரவுக்கு 180 டாலர், அறுபது இரவு தங்கினால் 30 டாலர். பத்து இரவுக்காரருக்கு விடுதியே லாபம், அல்லது வாடகைக் கேம்பர். கனடாவில் யூகான் பக்கம் போகிறவர்களுக்கு வண்டியோடு சேர்த்தே கேம்பர் வாடகைக்குக் கிடைக்கிறது. வாங்குவதற்கு முன் ஒரு முறை வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது எல்லாருக்குமே நல்லது.

ஆகவே செய்ய வேண்டிய வரிசை தலைகீழானது. முதலில் கேம்பரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தண்ணீர், ஆள், சாமான் எல்லாம் சேர்த்து எடையைக் கூட்ட வேண்டும். அந்த எடைக்கு ஸ்டிக்கர் இடம் கொடுக்கும் வண்டியை அதற்குப் பிறகுதான் தேட வேண்டும். ஏற்கெனவே அரை டன் வண்டி வைத்திருப்பவருக்கும் வழி இருக்கிறது. நிறுத்திய பிறகு கூரையைத் தூக்கிக்கொள்ளும் 'பாப்-அப்' கேம்பர்கள் எடை குறைந்தவை. பலவற்றில் ஏசி இருக்காது, குளியலறை இருக்காது, ஆனால் நிம்மதி இருக்கும். எது வாங்கினாலும், முதல் பயணத்துக்கு முன் எல்லாம் ஏற்றிக்கொண்டு, லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்பில் உள்ள எடைமேடையில் ஒரு தடவை ஏற்றிப் பார்த்துவிட வேண்டும். முன் ஆக்சில், பின் ஆக்சில் இரண்டின் எடையையும் தனித்தனியாகச் சீட்டில் கொடுத்துவிடுவார்கள். செலவு ஒரு சாப்பாட்டுக் காசுதான்.

மயிலிறகாகவே இருந்தாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் சொல்லிவிட்டார். அவர் காலத்தில் வண்டியில் ஸ்டிக்கர் கிடையாது. இப்போது இருக்கிறது. கதவைத் திறந்து படிக்கத்தான் ஆளில்லை.