விவியன் லீயின் குரல்

ஆங்கில நடிகை விவியன் லீ என்றதும் பலரும் அவருடைய அழகையும் இரண்டு ஒஸ்கார் பரிசுகளையுமே பேசுவர். எனக்கு அது நிறைவு தருவதில்லை. 1951இல் இலண்டன் சென் ஜேம்ஸ் அரங்கிலே, ஓரிரவு பேர்ணாட் ஷாவின் கிளியோபாத்ராவாகவும் மற்றோரிரவு சேக்ஸ்பியரின் கிளியோபாத்ராவாகவும் மாறிமாறி நடித்தவர் அவர். முன்னவள் பேதைச் சிறுமி; பின்னவள் காதலிலும் அரசியலிலும் முதிர்ந்தவள். இரண்டையும் ஒருவரே தாங்குவது எளிதா? அழகியிடம் ஆற்றலைக் காண மனமில்லாத விமர்சகர் சிலரோ, உடன் நடித்த கணவர் ஒலிவியரையே உயர்த்திப் பேசினர்.

லீ நடித்த படங்களை இன்றும் பார்க்கலாம். அந்த மேடையிரவுகள் கண்டவர் நினைவில் மட்டுமே வாழ்ந்தன.

1957இல் அவ்வரங்கு இடிக்கப்படவிருந்தது. பிரபுக்கள் சபையிலே பார்வையாளராக அமர்ந்திருந்த லீ, எழுந்து நின்று உரத்த குரலில் அதனைக் கண்டித்தார். பரிசுகள் இரண்டினும் அக்குரலையே நான் பெரிதாக மதிக்கிறேன். அவரை வெளியே அனுப்பினர். அவ்வாண்டே அரங்கும் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் அலுவலகக் கட்டடம் எழுந்தது.