பக்கட்டில் உள்ளதை உள்ளபடி



பிஸ்கட் பக்கட்டில் பொடி எழுத்தில் "ஈ 471" என்றிருக்கும். அது தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம், மிருகக் கொழுப்பிலிருந்தும் வரலாம். இலக்கத்தை மட்டும் கண்டு ஹராம் என்று ஊரெல்லாம் செய்தி அனுப்புவோர் உண்டு. எதையும் பாராமல் பிள்ளைக்குக் கொடுப்போரும் உண்டு. இரண்டும் முறையல்ல.

2012 இல் பிரான்ஸில் ஸ்டெஃபான் ஜிகாந்தே என்பவர் 'ஓபன் ஃபுட் ஃபக்ட்ஸ்' எனும் உணவுத் தகவல் களஞ்சியத்தை இணையத்தில் ஆரம்பித்தார். பக்கட்டின் பார்கோட்டையும் சேர்மானப் பட்டியலையும் கைத்தொலைபேசியில் படம்பிடித்து எவரும் அதில் சேர்க்கலாம். எவரும் இலவசமாகப் பார்க்கலாம்.

நமது சமையலறையிலிருந்தே நீங்களும் இதைச் செய்யலாம். ஆனால் இது ஒரு சாட்சியம் என்பதை மறவாதீர்கள். அச்சிட்டிருப்பதை மட்டும் எழுதுங்கள், ஊகத்தைக் கலக்காதீர்கள். "தாவர மூலம்" என்றிருந்தால் அதையும் விட்டுவிடாதீர்கள். கிடைத்த செய்தியைத் தீர விசாரிக்கும்படி ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6 ஆவது வசனம் நம்மைப் பணிக்கிறது. களஞ்சியம் மார்க்கத் தீர்ப்புத் தராது. அதற்கு உலமாக்களை நாடுங்கள்.

நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளையின் தாய் ஒருத்தி, எங்கோ இருந்து உங்கள் வரியை நம்பிப் படிக்கலாம். அவளுக்கு நீங்கள் எழுதும் உண்மை உங்களுக்கு ஸதகாவாகட்டும். அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக!