கண்டற்காடும் கஹவத்தையும்

கடலுக்கும் கஹவத்தைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர் உளர். கரையோரத்துக் காடு அழிந்தால் அது கரையோரத்தாரின் கவலை. சம்பளமும் வீட்டுக் காணியும் தீராத வழக்காக நிற்கையில், எங்கோ உப்புச் சேற்றில் நிற்கும் மரங்களைப் பற்றித் தோட்டத் தொழிலாளி ஏன் கவலைப்பட வேண்டும் என்பது அவர்கள் வாதம். பார்வைக்கு நியாயமான வாதமே. ஆனால் சம்பள நாளில் கஹவத்தைக் கடைவீதியில் தோட்டத்துத் தாய்மார் எதை நிறுத்து வாங்குகின்றனர் என்பதைக் கண்டவர் அவ்வாறு பேசார். அரிசி, கோதுமை மா, பருப்பு. அவற்றின்மேல் கையில் மிஞ்சிய காசுக்குச் சிறிது நெத்தலி, அல்லது ஒரு துண்டு கட்டாக் கருவாடு. இறைச்சி பண்டிகைக்கு உரியது. லயத்துப் பிள்ளையின் உடலில் சதை பிடிப்பது பெரும்பாலும் அந்த நெத்தலியாலும் கருவாட்டாலுமே என்றால் அது மிகையன்று.

2016ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி இந்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியிருந்தனர். தோட்டப் பகுதியில் மட்டும் அத்தொகை 32. ஏறத்தாழ இரு மடங்கு! இத்தகைய குழந்தைகளை உடைய சமூகத்துக்கு மீன் நாவின் சுவைக்குரிய பண்டமன்று, மருந்துக்கு ஒப்பானது. அந்த மீன் எங்கே வளர்கிறது, அவ்விடத்தை யார் அழிக்கின்றனர் என்று கேட்பது ஆகவே நமது வேலையாகிறது.

கடலில் பிறக்கும் மீனெல்லாம் கடலிலேயே வளர்வதில்லை. தாய் மீன் இலட்சக்கணக்கில் முட்டையிடுகிறது. அவற்றுள் பெரும் பகுதி பிற உயிர்களுக்கு இரையாகிறது. எஞ்சிய சின்னஞ்சிறு குஞ்சுகள் நீரோட்டத்தோடு மிதந்து வந்து களப்புகளிலும் கழிமுகங்களிலும் புகுகின்றன. அங்கே கண்டல் மரங்களின் வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பெரிய மீன் அவ்விடுக்கில் நுழைய முடியாது. கலங்கிய ஆழமற்ற நீரில் கொடுவாயின் கண்ணுக்கும் கொக்கின் கண்ணுக்கும் குஞ்சு எளிதில் புலப்படாது. உதிர்ந்த கண்டல் இலை அழுகுகிறது. அதை நுண்ணுயிர் உண்கிறது. நுண்ணுயிரைச் சிறு பூச்சியும் கூனியும் உண்கின்றன. அவற்றைக் குஞ்சு உண்கிறது. ஒரே இடத்தில் ஒளிவிடமும் உணவும் கிடைக்கின்றன. யாழ்ப்பாணத்தார் விரும்பி உண்ணும் ஓரா மீனின் குஞ்சுக்குச் சாதாழை படர்ந்த கடற்புல் வெளியே தொட்டில். பால்மீன், மணலை, நண்டு என்று இந்தப் பட்டியல் நீளும்.

இறாலின் கதை இன்னும் தெளிவானது. அது ஆழமான கடலில் முட்டையிடுகிறது. சில வாரங்களில் நகநுனியளவான குஞ்சுகள் களப்பின் வாய் வழியே உள்ளே வருகின்றன. சில மாதம் தங்கி வளர்ந்தபின் மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. நீர்கொழும்புக் களப்பின் வாயிலில் ‘கட்டுதெல்’ என்னும் கட்டுவலையை நாட்டும் மீனவர்கள் இதைப் பல தலைமுறைக்கு முன்பே அறிந்திருந்தனர். இரவில், நீர் கடலை நோக்கி வற்றும் நேரம் பார்த்து, வெளியேறும் இறாலை அவர்கள் பிடிக்கின்றனர். எவ்வலை எவருக்கு, எந்நாளில் என்பதற்கும் அவர்களிடையே வழிவழி வந்த முறையுண்டு. விஞ்ஞானி நூலில் எழுதுமுன் வலைஞன் தன் வலையால் எழுதிவிட்ட உண்மை இது.

எல்லா மீனும் இப்படி வளர்வதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சூரையும் கெலவல்லாவும் நடுக்கடலின் பிள்ளைகள். கண்டல் இல்லாமலே அவை வாழும். மிகைப்படுத்தி வாதாடுவோரால் நல்ல வழக்கும் கெடும். ஆயினும் 2004ஆம் ஆண்டில் கரீபியக் கடலை ஆராய்ந்தோர், கண்டற்காட்டை அடுத்துள்ள பவளப் பாறைகளில் சில இன மீன்களின் திரள் இரு மடங்குக்கும் மேலாக இருந்ததைக் கண்டனர். நம் நெத்தலியிலும் கழிமுகத்தை அண்டி வாழும் இனங்கள் உண்டு. “எங்கள் கடையில் விற்பது தாய்லாந்து நெத்தலி அல்லவா?” என்று கேட்கலாம். அந்நாடும் 1961க்கும் 1996க்கும் இடையில் தன் கண்டற்காட்டில் பாதிக்கு மேல் இழந்த நாடே. அங்கும் இறால் பண்ணை அவ்வழிவின் பெருங்காரணங்களில் ஒன்று. பிறர் கடலை நம்பி நம் கடலைக் கைவிடுவோர்க்கு அதிலும் புகலில்லை.

இனி நம் ஆற்றுக்கு வருவோம். கஹவத்தை வழியே ஓடும் வே கங்கை களு கங்கையிற் கலக்கிறது. களு கங்கை களுத்துறையில் கடலைச் சேர்கிறது. நம் மலையில் பெய்யும் மழை அங்கே போய்ச் சேர்கிறதென்றால் நம் மலையின் மண்ணும் அங்கேதான் போகிறது. ஆற்றில் அகப்படும் விலாங்கைப் பாருங்கள். அது நம் ஆற்றில் பிறந்த மீனன்று. ஆழ்கடலில் பிறந்து, கண்ணாடி போன்ற சிறு குஞ்சாகக் கழிமுகத்தை அடைந்து, அங்கிருந்து வெள்ளத்தை எதிர்த்து மலைநாடு வரை ஏறிவந்தது. முட்டையிடும் காலம் வந்ததும் மறுபடியும் கடலுக்கே இறங்கிவிடும். கடலும் மலையும் ஒரே வீட்டின் இரண்டு அறைகள் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

அளவோடு வரும் வண்டலைக் கண்டல் ஏற்றுக்கொள்ளும். அதில்தான் அது வேரூன்றுகிறது. அளவுக்கு மீறிய சேறு வந்தால் கடற்புல்லுக்கு வெயில் கிடையாது, குஞ்சின் செவுள் அடைபடும். ஆற்றுப் படுக்கையை இயந்திரங்கொண்டு கிளறி இரத்தினக்கல் தேடுவோர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. தோட்டக் கம்பனிகளும் தப்ப முடியாது. கான் வெட்டி மண்ணைக் காப்பது தேயிலைத் தொழிலின் பழைய முறை. அதைக் கைவிட்ட மலையில் ஒவ்வொரு மழைக்கும் மேல்மண் கரைந்து ஓடுகிறது. தேயிலையும் மெலிகிறது, ஆறும் கலங்குகிறது. இதற்குத் தொழிலாளியைக் குறை கூறுவது அநியாயம். கான் வெட்டச் சொன்னால் அவன் வெட்டுவான். கூலி கொடுத்துச் சொல்ல வேண்டியது துரைமாரின் கடமை.

2017ஆம் ஆண்டு மே மாத வெள்ளத்தை இரத்தினபுரி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வேளையில் வெள்ளத்தை வடியவிடக் களுத்துறையில் ஆற்று வாயின் மணற்றிட்டு வெட்டப்பட்டது. வெள்ளம் வடிந்தது, ஆனால் கடல் உட்புகுந்து ஆற்றில் உப்பேறியது, குடிநீரும் கெட்டது. ஆற்று வாயைத் தொட்டால் எத்தனை பேரைத் தொடுகிறோம் என்பதை அந்நிகழ்ச்சி காட்டியது.

இந்நாட்டில் தொட்டிலை உடைத்தவர்களின் வரலாற்றைப் படிக்க விரும்புவோர் புத்தளம், சிலாபம் பக்கம் போக வேண்டும். 1980களில் அங்கே இறால் பண்ணை வந்தது. ஏற்றுமதி, அந்நியச் செலாவணி, வேலைவாய்ப்பு என்று முரசறைந்தார்கள். கண்டல் வெட்டப்பட்டது, உவர் நிலம் தோண்டப்பட்டது, குளங்கள் வரிசை வரிசையாக எழுந்தன. ஒல்லாந்தர் வெட்டிய கால்வாயிலிருந்து ஒருவன் நீர் எடுத்தான். அதே கால்வாயில் மற்றவன் கழிவை விட்டான். 1996இல் வெண்புள்ளி நோய் பரவியபோது பண்ணை பண்ணையாக இறால் செத்தது. பல குளங்கள் கைவிடப்பட்டன. மரமும் இல்லை, இறாலும் இல்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பண்ணைக்குக் குஞ்சு பொரிக்கத் தாய் இறாலைக் கடலிலிருந்தே பிடித்து வந்தனர். அத்தாய் இளமையில் வளர்ந்த இடமோ களப்பு. தாயை வளர்த்த வீட்டை இடித்துவிட்டு அத்தாயிடமே பிள்ளை கேட்ட புத்திசாலித்தனத்தை என்னென்பது!

அழித்தபின் நட்டுக்கொள்ளலாம் என்பார் உளர். சுனாமிக்குப் பின்னர் கண்டல் நடுகை ஒரு திருவிழாவாகவே நடந்தது. படம் பிடித்தனர், பலகை நாட்டினர். 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு அந்நடுகைகளின் கணக்கைப் பார்த்தது. 23 இடங்களில் 1,000 முதல் 1,200 ஹெக்டேர் வரை மீள்நடுகைக்கு முயன்றிருக்க, தேறியது 200 முதல் 220 ஹெக்டேர் மட்டுமே. ஒன்பது இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. வற்றுப்பெருக்கு எவ்வளவு ஏறும், எந்நிலத்துக்கு எந்த மரம் ஏற்றது என்று பாராமல் நட்டதும், நட்டபின் திரும்பிப் பாராததுமே காரணம். நின்ற காட்டைக் காப்பதற்கு ஆகும் செலவு, இல்லாத காட்டை உண்டாக்குவதற்கு ஆகும் செலவில் சிறு பங்கே.

அரசாங்கத்தின் போக்கோ விசித்திரமானது. 2024 பெப்ரவரியில் கண்டற்காடுகளை மீட்கும் பணிக்காக ஐக்கிய நாடுகள் இலங்கையைப் பாராட்டிச் சிறப்பித்தது. அதே ஆண்டு மே மாதத்தில், 2016இல் இயற்கை ஒதுக்கிடமாகப் பிரகடனம் செய்யப்பட்ட மன்னார் விடத்தல்தீவிலிருந்து 168 ஹெக்டேரை நீக்கும் வர்த்தமானி வெளிவந்தது. எதற்கு? நீருயிர் வளர்ப்புக்கு, மறுபடியும் இறால் பண்ணைக்கு! சூழற் காப்பாளர்கள் அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றனர். ஏறத்தாழ 29,000 ஹெக்டேரில் 168 ஹெக்டேர் எம்மாத்திரம் என்று கேட்பவர்கள், புத்தளத்தில் முதற்குளம் தோண்டப்பட்டபோதும் இதையேதான் கேட்டிருப்பர். கண்டலும் கடற்புல்லும் உவர்ச் சேறும் அடுத்தடுத்துக் கிடக்கும் விடத்தல்தீவு போன்ற இடங்கள் இத்தீவில் அதிகமில்லை.

அந்த வர்த்தமானி வெளிவந்த நாளில் வனசீவராசிகள் அமைச்சுப் பொறுப்பை வகித்தவர் யார்? நம் இரத்தினபுரி மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர். மன்னார் மீனவனின் களப்பைப் பற்றிய முடிவு, கஹவத்தையிலும் பெல்மடுளையிலும் வாக்குக் கேட்டவரின் மேசையில் எழுதப்பட்டது. கடலுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்டவர்களுக்கு இது விடையாகும்.

ஆகவே நாம் கேட்பவை வானத்துச் சந்திரனல்ல. விடத்தல்தீவின் எல்லையை ஓரங்குலமும் குறைக்கலாகாது. கண்டல் நட்டோம் என்று கணக்குக் காட்டுவோர், ஐந்தாண்டுக்குப்பின் உயிரோடு நிற்பது எத்தனை என்று காட்டட்டும். வே கங்கைப் படுக்கையில் இயந்திர அகழ்வை அதிகாரிகள் நிறுத்தட்டும். கம்பனிகள் மலைகளில் கான் வெட்டும் வேலையை மீண்டும் தொடங்கி, அதற்குரிய கூலியைக் கொடுக்கட்டும். வளர்ச்சி குன்றிய குழந்தைகளைப் பற்றி மேடையில் கண்ணீர் வடிப்பவர்கள் அடுத்த முறை நம் தோட்டங்களுக்கு வரும்போது, களப்பைக் காக்க நீர் பாராளுமன்றத்தில் எந்தப் பக்கம் கை உயர்த்தினீர் என்று லயத்து வாசலிலேயே அவர்களைக் கேட்கத் தொழிற்சங்கங்கள் மக்களை ஆயத்தப்படுத்தட்டும்.