தீவகக் கிணறுகளும் பார உலோக அபாயமும்

எழுவைதீவு போன்ற சிறு தீவுகளில் நன்னீர் மழை தரும் கொடையாகும். நிலத்துள் இறங்கும் மழைநீர், உவர்நீரின் மேல் மெல்லிய படையாகத் தங்குகிறது. அதில் ஈயமோ நிக்கலோ கலக்குமாயின் மாற்றுக் கிணறு தேட அங்கு இடமில்லை.

எழுவைதீவில் சூரிய ஒளி, காற்று, டீசல் இணைந்த மின் திட்டம் முன்னரே அமைக்கப்பட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றிலும் இத்தகைய திட்டத்தை அமைப்பதற்கான ஒப்பந்தம், 1 கோடியே 10 இலட்சம் டொலர் இந்திய நன்கொடையுடன் 2024 மார்ச்சில் கைச்சாத்தானது. இவை வரவேற்கத்தக்கவை. எனினும் இத்திட்டங்களிலும் வீடுகளிலும் பயன்படும் மின்கலங்கள் ஆயுள் முடிந்ததும் எங்கே செல்லும் என்ற கேள்விக்கு இப்போதே விடை காணவேண்டும்.

நீரில் கலந்த உலோகத்தைப் பிரிக்கப் புறத்துறிஞ்சும் பிசின்கள் உள்ளனவே எனச் சிலர் கூறலாம். உண்மைதான். பிசின் மணிகள் உலோக அயன்களைப் பற்றிக்கொண்டு, தெளிந்த நீரை வெளியே விடுகின்றன. ஆனால் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தின் நீர் வன்னீராகும். சாதாரணப் பிசினின் கொள்ளளவைக் கல்சியமே நிரப்பிவிடும். ஈயத்தைத் தெரிந்து பற்றும் சிறப்புப் பிசின்கள் விலை கூடியவை. அன்றியும், பிசின் நஞ்சை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. நிறைந்த பிசினை அமிலத்தால் கழுவும்போது உலோகம் செறிந்த கழிவாக மீண்டும் வெளிவருகிறது. எனவே பிசினுக்குரிய இடம் தொழிற்சாலையின் கழிவு வாய்க்காலே தவிர ஊர்க் கிணறன்று.

காலம் தாழ்த்துவதன் விலையைப் பாலாறு உணர்த்துகிறது. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதிகளில் தோல் பதனிடும் தொழில் தமிழ் முஸ்லிம் வணிகர்க்கும் ஏழைத் தொழிலாளர்க்கும் தலைமுறைகளாக வாழ்வளித்தது. அதன் கழிவு விளைநிலங்களைக் கெடுத்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டுமென இந்திய உயர்நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. ஆயினும் 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் இழப்பீடு குறித்து மீண்டும் கட்டளையிட நேர்ந்தது. சுன்னாகத்தில் கலந்தது உலோகமன்று, எண்ணெய். அங்கும் 2019இல் 2 கோடி ரூபா இழப்பீடு விதிக்கப்பட்டது. பணம் கிடைக்கலாம், பழைய நீர் எளிதில் திரும்புவதில்லை.

ஆகவே தீவகத்துக்கு வேண்டியது முற்காப்பாகும். மின்கலத்தை வழங்கும் நிறுவனமே அதனை மீளப்பெறும் கடப்பாட்டை ஒப்பந்தத்தில் சேர்க்கவேண்டும். வீட்டுப் பாவனை மின்கலங்களைப் பிரதேச சபை சேகரித்துக் கரைசேர்க்கவேண்டும். கிணற்று நீரை மத்திய சுற்றாடல் அதிகார சபை காலந்தோறும் பரிசோதித்து, முடிவை மக்களுக்கு அறிவிக்கவேண்டும். படகில் வந்த மின்கலம் படகிலேயே திரும்பட்டும்.