படியும் கிலோவும்

திருவள்ளூர் ஜில்லாவில் அரிசிக்கு இரண்டு பாஷைகள் உண்டு. செங்குன்றத்து மண்டியில் அது கிலோ பாஷை பேசுகிறது. அடுப்பங்கரைக்குள் நுழைந்ததும் ஆழாக்கு பாஷைக்கு மாறிவிடுகிறது. கும்மிடிப்பூண்டி முகாமில் வாழும் இலங்கைத் தமிழ்க் குடும்பங்களோ சுண்டு, கொத்து என்று அளந்து பழகியவர்கள். ஒன்றை மற்றொன்றாக மாற்றிக் கணக்கிடும் பொறுப்பு இல்லத்தரசியின் தலையில்தான் விழுகிறது.

பழைய வாய்பாடு எளியது. 2 ஆழாக்கு 1 உழக்கு. 2 உழக்கு 1 உரி. 2 உரி 1 படி. 8 படி 1 மரக்கால். ஆனால் படி எங்கும் ஒன்றாக இருந்ததில்லை. அன்னிய ஆட்சியில் ஊருக்கு ஊர் வேறாயிருந்த இந்தக் குழப்பத்தைத் தீர்க்கச் சுதந்திர பாரதத்தின் பார்லிமெண்டு 1956-இல் சட்டம் இயற்றியது. 1958 முதல் கிலோ படிப்படியாக வழக்குக்கு வந்தது. ஆயினும், 1967 தேர்தலில் அண்ணாதுரை அவர்களின் கட்சி ஜனங்களுக்கு வாக்களித்தது ரூபாய்க்கு 3 படி அரிசி என்றுதான். இத்தனை கிலோ என்றல்ல. சட்டம் கடைத்தராசை மாற்றிற்று, நாவை மாற்றவில்லை.

'ஒரு கிலோவுக்கு எத்தனை ஆழாக்கு?' என்று கேட்டால், எல்லா வீட்டுக்கும் பொருந்தும் விடை கிடையாது. படி இடத்தை அளக்கிறது. தராசு கனத்தை அளக்கிறது. மணிகளுக்கிடையே உள்ள வெற்றிடம் அரிசிக்கு அரிசி மாறும். சன்ன அரிசியும் மோட்டா அரிசியும் ஒரே படியில் ஒரே எடை நிற்பதில்லை. அவலும் பொரியும் படி நிறைந்தாலும் தராசில் கனப்பதில்லை. தலை தட்டி அளப்பதும் கும்பலாக அளப்பதும் வேறு வேறு.

ஆகவே பிறர் சொல்லும் கணக்கை நம்பாமல், நம் வீட்டில் புழங்கும் அரிசியில் 1 கிலோவைச் சரியாக நிறுத்து வாங்கி, நம் ஆழாக்கினால் தலை தட்டி அளந்து, வரும் எண்ணை அரிசி டப்பாவின் மீது எழுதி வைப்பதே உத்தமம். மின்சாரக் குக்கருடன் வரும் 180 மில்லிலிட்டர் கிண்ணமானால், ஏறக்குறைய 150 கிராம் கொள்ளும். கிலோவுக்கு 6½ முதல் 7 கிண்ணம் வரும்.

இது வீண் வேலையன்று. 2011 ஜூன் முதல் நியாய விலைக் கடைகளில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. மாதம் 20 கிலோ பெறும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கிலோவுக்கு 7 ஆழாக்கு என்றால் மொத்தம் 140 ஆழாக்கு. தினம் 5 ஆழாக்கு உலையில் இட்டால் 28-ஆம் நாள் டப்பா காலி; மிச்ச நாட்களுக்கு அண்டை வீட்டில் கைமாற்றுத்தான். தினம் 4½ ஆழாக்கு என்று தொடங்கினால் 30 நாளும் கடந்து 5 ஆழாக்கு மிஞ்சும். அரை ஆழாக்கில் இருக்கிறது குடும்பத்தின் மானம்!

சமையலுக்கு மட்டும் தராசு வேண்டியதில்லை. சோற்றுக்குத் தண்ணீர் ஆனாலும், இட்லிக்கு அரிசியும் உளுந்தும் ஆனாலும், இரண்டையும் ஒரே பாத்திரத்தால் அளந்தால் விகிதம் பிசகாது. பாத்திரம் பெரிதோ சிறிதோ, கவலையில்லை. கொள்முதலுக்கும் மாதக் கணக்குக்கும் கிலோ, உலைக்கு ஆழாக்கு என்று வகுத்துக்கொண்டால் இரண்டு பாஷைகளும் ஒரு வீட்டில் சண்டையின்றி வாழும்.